அன்று நான் மூடாத ஓட்டை

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருந்தபோது, எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் நஸ்ரின் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. கடைசியில் கேட்டுவிட்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு லைவ் கேஸைப் பாதியில நிறுத்திப்போட்டு எந்திரிச்சு வந்துட்டீங்கன்னு சொல்றாங்களே, நெசங்களா?"

"நெசந்தான்" என்றேன்.

"கை நடுங்கிருச்சுன்னு சொல்றாங்க."

அதுதான் பொய். என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் ஒருவேளை சொன்னதைச் செய்துவிட்டு நல்ல பேர் வாங்கியிருப்பேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதை காபி, டீயோடு சேர்த்துப் பரிமாறப்படுகிறது என்றால், நடந்தது என்ன என்பதை நானே எழுதிவிடுவது நல்லது. மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. அன்றைய நோயாளி அம்மா அதே சிகிச்சை மேசையில் நாளைக்குப் படுத்திருந்தாலும் அதையேதான் செய்வேன்.

படித்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அவிநாசிக்குப் பக்கத்தில், பருத்திக் காட்டுக்கு நடுவே கூலியாட்கள் தங்குவதற்கென்று போட்டிருந்த சாளையில் வளர்ந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் அந்தக் காட்டில் வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போன இடத்தில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார், மார்க் வந்தது, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது, அப்புறம் இதய மருத்துவம். படிப்பில் பட்ட பாடு எல்லாருக்கும் ஒன்றுதான், எனக்கு மட்டும் தனியாகக் கொம்பு முளைக்கவில்லை.

ஆனால் சாளையில் கற்ற ஒன்று பின்னாளில் சிகிச்சை மேசையருகே எனக்கு உதவியது. காய்ச்சலில் உடம்பு கொதிக்க அம்மா பருத்தி எடுத்துக்கொண்டிருப்பார். தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று, "என்ன புள்ள, நல்லா இருக்கறயா?" என்பார். அம்மா நிமிர்ந்து, "நல்லா இருக்கறனுங்க சாமி" என்பார். அவர் போனதும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதையை வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வரப்புதான் ஞாபகம் வரும். மெச்சட்டும். அந்த 'ங்க'வுக்குப் பின்னால் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் வேலை பார்த்தது கோவையில் ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். துறைத் தலைவரை எல்லாரும் சீஃப் என்போம். அவர் பேசும் விதத்தைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வார்டு துடைக்கும் அம்மாவில் இருந்து மருத்துவமனை முதலாளி வரை எல்லாருக்கும் வாங்க, போங்கதான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "அப்படீங்களா அம்மணி" என்று அவர் சொல்லிவிட்டால் நாம் தப்பாக ஏதோ செய்திருக்கிறோம் என்று அர்த்தம். "ரொம்ப நன்றிங்க" என்றால் அன்றைக்கு அவர் கண்ணில் படாமல் இருப்பது உத்தமம். மற்ற ஊரில் இருந்து வந்த பயிற்சி டாக்டர்கள் முதல் மாதம் அவர் பாராட்டுகிறார் என்று நினைத்துச் சந்தோஷமாக இருப்பார்கள்.

ஆனால் வேலை தெரிந்த மனிதர். பெரியவர்களுக்கு இருக்கும் இதய ஓட்டையைக் கண்டுபிடிப்பதற்கு எனக்குக் காதைத் தீட்டிவிட்டவர் அவர்தான். இதயத்தின் மேல்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. சிலருக்குப் பிறக்கும்போதே அதில் ஓட்டை இருந்துவிடும். குழந்தையாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும், விளையாடும், கல்யாணம் ஆகும், பிள்ளைகூடப் பெறும். இடப்பக்கத்து ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் கசிந்து, வலது இதயமும் நுரையீரலும் இரண்டு ஆள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நாற்பது, ஐம்பது வயதில்தான் களைத்துப்போய் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். அதற்குள் நாம் அதற்கு வேறு பேர் வைத்துவிடுவோம். ஆண் என்றால் சிகரெட், பெண் என்றால் உடம்பு பெருத்துப்போச்சு, வயசாயிருச்சு, வீசிங்.

சீஃப் ஸ்டெத்தை வைத்துக் கேட்பதற்கு முன் எக்கோ ஸ்கேன் அறைப் பக்கமே அனுப்ப மாட்டார். நோயாளியை உட்கார வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, இதயம் 'லப் டப்' என்று அடிப்பதில் இரண்டாவது சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்வார். சாதாரண ஆளுக்கு அந்தச் சத்தம் மூச்சை இழுக்கும்போது இரண்டாகப் பிரியும், விடும்போது ஒன்றாகச் சேரும். ஓட்டை இருப்பவர்களுக்கு இழுத்தாலும் விட்டாலும் பிரிந்தபடியே நிற்கும். அவ்வளவுதான் விஷயம். அதைக் கேட்பதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பழனாத்தாள் என் அறைக்கு வந்தபோது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சென்னிமலையில் தறி ஓட்டும் குடும்பம், போர்வை நெசவு. கூட மகன் செல்வராசு. கையில் இருந்த மஞ்சள் பையில் பல வருடத்து இன்ஹேலர்கள், காலியானவைகூட. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, செவ்வாக்கெழம ஆனா மலை ஏறோணுமுங்க எனக்கு. கன்னாலமாகி வந்ததுல இருந்து உட்டதில்லீங்க. முருகனுக்கு அபிசேகத் தண்ணி சொமந்துக்கிட்டு மாடு ஏறுது பாருங்க, அது நிக்காமப் போகுது, நான் பாதிப் படியிலயே உக்காந்துபோடறனுங்க. மாடு என்னயத் திரும்பிப் பாத்துட்டுப் போகுது."

வைத்துக் கேட்டேன். இழுங்க, விடுங்க. அந்த இரண்டாவது சத்தம் பிரிந்தபடியே நின்றது. இன்ஹேலர் பையை மேசையடியில் தள்ளிவிட்டு எக்கோவுக்கு அனுப்பினேன். பெரிய பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. வலது இதயம் வீங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை இல்லாமல், தொடையில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாகக் குடை மாதிரி ஒரு டிவைஸ் கொண்டுபோய் அடைக்கத் தோதான இடத்தில்தான் இருந்தது. சுற்றிலும் பிடித்துக்கொள்ள நல்ல விளிம்பு.

ஒரு சிக்கல் மட்டும். பழனாத்தாளுக்குப் பல வருடமாக ரத்த அழுத்தம். அதனால் இடப்பக்கத்துப் பெரிய அறை விறைத்துப்போயிருந்தது. இந்த மாதிரி ஆட்களுக்கு அந்த ஓட்டையே ஒரு வடிகால். உள்ளே அழுத்தம் ஏறும்போதெல்லாம் ரத்தம் அதன் வழியாகத் தப்பித்து வலப்பக்கம் போய்விடும். அதைத் திடீரென்று மூடினால், குக்கரின் விசிலை அடைத்த கதைதான். ரத்தம் பின்னுக்குத் தள்ளி நுரையீரலில் நீர் கட்டிக்கொள்ளும். குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் கேத் லேபை விட்டு வெளியே வருவதற்குள் ஆள் மூழ்கிப்போகலாம்.

இதற்கு வழி சொல்லிக்கொடுத்தவரும் சீஃப்தான். டிவைஸ் வைப்பதற்கு முன் ஒரு பலூனை ஓட்டைக்குள் ஊதித் தற்காலிகமாக அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னொரு குழாயை இடது மேலறையில் வைத்து அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "பலூன வெச்சுப்போட்டு உக்காந்துக்கோணுமுங்க அம்மணி. நம்ம அவசரம் அந்த இதயத்துக்குத் தெரியாதுங்க" என்பார். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் மானிட்டரில். வெளியே அடுத்த நோயாளி காத்திருப்பார், நர்ஸ் வந்து எட்டிப் பார்ப்பார், சீஃப் அசைய மாட்டார். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது, அந்த மட்டில்.

அந்த வருடம் எங்கள் மருத்துவமனை ஒரு பயிலரங்கு நடத்தியது. ஒரு ஹோட்டல் அரங்கில் பல ஊர் டாக்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கேத் லேபில் நடக்கும் சிகிச்சை பெரிய திரையில் நேரலையாகத் தெரியும். அரங்கில் இருந்து மைக்கில் கேள்வி கேட்கலாம், அது எங்கள் காதில் விழும். நாங்கள் பேசுவது அங்கே கேட்கும். சீஃப் மேடையில் இருந்தார். பெரியவர்களுக்கான ஓட்டை அடைப்பு என் பங்கு, நோயாளி பழனாத்தாள். அவரிடமும் செல்வராசுவிடமும் எல்லாம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தோம். டிவியில் வரப்போகிறோம் என்பதில் பழனாத்தாளுக்கு ஏகப் பெருமை. தலைக்குப் பூ வைத்துக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேட்டாராம்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை, தொடையில் மரத்துப்போக ஊசி மட்டும். மேசையில் படுத்துக்கொண்டும் பேச்சு நிற்கவில்லை. மேலே போர்த்தியிருந்த பச்சைத் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது என்னங்க நூலு, இத்தன மட்டமா இருக்குது. நம்மூர்ல சொல்லியிருந்தா நானே நெய்ஞ்சு குடுத்திருப்பனே."

அரங்கில் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

வலது தொடை வழியாக ஒயர் மேலே போனது. வலது அறை, ஓட்டை, இடது அறை, அதைத் தாண்டி நுரையீரல் குழாய். ஒயரின் நுனி அங்கே நின்றதும் அதன் மேல் பலூனைக் கொண்டுபோனேன். இடது தொடை வழியாக இன்னொரு குழாய், அழுத்தம் பார்க்க. அப்போது இடது அறையில் அழுத்தம் பன்னிரண்டு. பலூனை மெல்ல ஊதினேன். திரையில் அது நடுவில் இடுப்பு சிறுத்த பூசணிக்காய் போலத் தெரிந்தது. எக்கோவில் ரத்தம் கசிவது நின்றது. அங்கேயே நிறுத்திவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் எண் பதினைந்து ஆனது. அப்புறம் பதினெட்டு.

"எப்படி இருக்குதுங்க அம்மா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க."

இருபத்தொன்று. பழனாத்தாள் பேச்சை நிறுத்தியிருந்தார். ஒரு சின்ன இருமல். துணி ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த விரல்கள் இப்போது அதை இறுக்கிப் பிடித்திருந்தன. கால் விரல்கள் துணிக்கடியில் மடங்குவது தெரிந்தது.

அரங்கில் இருந்து சீஃப் குரல் வந்தது. அடுத்த சிகிச்சை வேறு ஊரில் இருந்து ஒளிபரப்பாக வேண்டும், அவர்கள் தயாராகக் காத்திருந்தார்கள்.

"அம்மணி, நேரமாகுதுங்க. டிவைஸ ஏத்திப்போடலாமுங்களே."

"அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்குதுங்க சார்."

"பேஷண்டக் கேளுங்க."

கேட்டேன். "அம்மா, மூச்சு எப்படி இருக்குதுங்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு மூச்சு இழுத்து, "இருக்குதுங்க" என்று முடித்தார். காலையில் இருந்து நிற்காமல் பேசிய மனுஷிக்கு அந்த இரண்டு வார்த்தையை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த நொடியில் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது மானிட்டர் இல்லை, வரப்பில் நிமிர்ந்து நின்ற என் அம்மா.

"நல்லா இருக்குதுன்னு அவங்களே சொல்றாங்களே" என்றார் சீஃப்.

"மரியாதைக்குச் சொல்றாங்க சார்."

அரங்கில் மறுபடியும் சிரித்தார்கள். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்கள் போல.

"அம்மணி, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கறாங்க. செஞ்சுபோடலாமுங்க."

கேட்பதற்கு வேண்டுகோள் மாதிரி இருக்கும். உத்தரவு அது. எங்கள் துறையில் அந்தக் குரலுக்கு யாரும் மறுத்துச் சொன்னதில்லை. எங்கள் ஊரில் மறுப்பதற்கும் மரியாதையாக ஒரு வழி உண்டு. பார்க்கலாமுங்க, ஆகட்டுமுங்க என்று இழுத்துக்கொண்டே போகலாம். ஆனால் இழுப்பதற்குப் பழனாத்தாளிடம் மூச்சு இல்லை. எண் இருபத்தாறைத் தொட்டது.

"முடியாதுங்க சார்" என்றேன்.

பலூனைச் சுருக்கினேன். ஒயரையும் குழாயையும் உருவினேன். நீர் பிரிய ஊசி போடச் சொன்னேன், தலைப்பக்கம் உயர்த்தி ஆக்சிஜன் வைக்கச் சொன்னேன். எண் மெல்ல இறங்கியது. அப்புறம் சீஃப் குரல் மட்டும் கேட்டது.

"அப்படீங்களா அம்மணி. ரொம்ப நன்றிங்க."

திரை அணைந்தது. நான் கையுறையைக் கழற்றிப் போட்டேன். எந்திரிச்சுப் போய்ட்டாங்க என்று கதை கட்டியவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பழனாத்தாள் முழு வாக்கியம் பேசும் வரை அவர் கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வெளியே செல்வராசு என்னைப் பிடித்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

"எங்கம்மாவ வெச்சு ஊருக்கே வேடிக்கை காட்டிப்போட்டு, ஒண்ணுமே செய்யாம அனுப்பறீங்களா? மேடையில இருந்த பெரிய டாக்டரே செய்யலாம்னு சொன்னாருன்னு சொல்றாங்களே. உங்களுக்கு முடியலேன்னா அவரக் கூப்புட்டிருக்கலாமுல்ல?"

"தம்பி, அவரு செஞ்சிருந்தாலும் நான் செஞ்சிருந்தாலும் உங்கம்மாவுக்கு மூச்சு நின்னிருக்கும். மாத்திரை குடுத்து அந்த இதயத்தக் கொஞ்சம் எளக்கோணும். அப்புறந்தான் மூடோணும். நம்புனா நம்புங்க."

அவன் நம்பவில்லை. சாயங்காலம் நான் வார்டுக்குப் போனபோது பழனாத்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மகன் டீ வாங்கப் போனதும் திரும்பினார்.

"டாக்டரம்மா, உங்களுக்கு என்னால கெட்ட பேருங்களா?"

"அத உடுங்க. பலூன் வெச்சப்ப நெசமா எப்படி இருந்துச்சு?"

போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சு மேல பாறாங்கல்ல ஏத்துனாப்புல இருந்துச்சுங்க. கெணத்துல முங்குனாப்புல."

"அப்புறம் ஏன் நல்லா இருக்குதுன்னீங்க?"

"அத்தன பெரிய மனுசங்க பாக்கறாங்கன்னாங்க. அவங்க முன்னாடி நான் முடியலேன்னு சொன்னா உங்களுக்குத்தானுங்களே கொறச்சலு?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாகக் கிடக்கும்போதுகூட டாக்டருக்குக் குறைச்சல் வந்துவிடக் கூடாது என்று நினைக்க யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? என் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆட்கள்தான்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேத் லேப் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். பல மாதம் புறநோயாளிகளைத்தான் பார்த்தேன். பயந்துவிட்டாள், பெண்பிள்ளைதானே, காட்டுவேலைக் குடும்பத்தில் இருந்து வந்ததற்கு இத்தனை தூரம் வந்ததே அதிகம் என்றெல்லாம் படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள், ஆனால் எனக்குத்தான் காதைத் தீட்டிவிட்டிருக்கிறார்களே. சீஃப் ஒரு நாள் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, அடுத்த துறைக் கூட்டத்தில் அழுத்தம் பார்க்கும் கருவியில் அன்றைக்கு ஏதோ கோளாறு இருந்தது என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார், அத்தனை இதமாக. கருவி சரியாகத்தான் இருந்தது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பட்டியலில் என் பெயர் இன்னும் சில மாதம் வரவில்லை.

பழனாத்தாளை நான் விடவில்லை. நீர் பிரிக்கும் மாத்திரை, அழுத்தத்துக்கு மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு. ஊறுகாய்க்காக என்னிடம் பெரிய வழக்கே நடத்தினார், தோற்றுப்போனார். எடை குறைந்தது, கால் வீக்கம் வடிந்தது. அவர் சண்டை போட ஆரம்பித்ததே எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

ஒரு நாள் காலையில் சீஃப் என் அறை வாசலில் நின்றார். எப்போதும் ஆள் விட்டுத்தான் கூப்பிடுவார்.

"அந்தச் சென்னிமலைக்காரம்மாவுக்கு நாள் குறிச்சாச்சுங்களா அம்மணி?"

"குறிக்க எனக்கு லேப் இல்லீங்க சார்."

"நாளைக்கு இருக்குதுங்க. நீங்களே செஞ்சுபோடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தடவை கேமரா இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீஃப் மட்டும் வந்து நின்றார். பழனாத்தாள் மேசையில் படுத்ததும் நான் குனிந்து சொன்னேன்.

"அம்மா, இன்னைக்கு எப்படி இருக்குதுன்னு நான் கேக்க மாட்டனுங்க. மூச்சு முட்டுச்சுன்னா என்னயத் திட்டுங்க. நல்லா வாய் நெறைய வையுங்க."

"டாக்டரப் போயி வையறதாங்க?"

"வையலேன்னா நான் மூட மாட்டேன்."

அதே ஒயர், அதே வழி, அதே பலூன். எண் பத்தில் இருந்து பதின்மூன்றுக்கு வந்தது. காத்திருந்தேன். பதினான்கு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். லேபில் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினான்கிலேயே நின்றது. பழனாத்தாள் செல்வராசுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த காபியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். விரல்கள் துணி ஓரத்தைச் சும்மா தேய்த்துக்கொண்டிருந்தன.

மைக் உறுமியது. சீஃப் நேராக நோயாளியிடமே கேட்டார். "ஏனுங்கம்மா, எப்படி இருக்குதுங்க?"

பழனாத்தாள் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அன்னைக்குச் செஞ்சுபோடலாம்னு மேல இருந்து சொன்னவருங்களா?"

"ஆமாங்க" என்றார் சீஃப்.

"இப்ப நெசமாலுமே நல்லா இருக்குதுங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யிங்க. டாக்டரம்மாவுக்கு மட்டுந்தான் அது தெரிஞ்சுது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீஃப் மைக்கை அணைத்தார்.

பலூனை எடுத்துவிட்டு டிவைஸை ஏற்றினேன். மெல்லிய கம்பியால் பின்னிய இரண்டு வட்டுகள், நடுவில் குட்டையான ஒரு கழுத்து. முதல் வட்டை இடது அறையில் விரித்து, சுவரோடு ஒட்டும் வரை பின்னால் இழுத்தேன். கையில் அந்தத் தடை தெரிந்ததும் இரண்டாவது வட்டை வலது அறையில் விரித்தேன். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். நகரவில்லை. எக்கோவில் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். அதற்கப்புறம்தான் டிவைஸைப் பிடித்திருக்கும் கேபிளைத் திருகிக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. அழுத்தத்தை இன்னொரு முறை பார்த்தேன். பதினான்கு. கழற்றினேன். டிவைஸ் லேசாகத் தலையசைத்துவிட்டுச் சுவரில் சரியாக உட்கார்ந்துகொண்டது.

சீஃப் என்னிடம் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பட்டியலில் என் பெயர் திரும்ப வந்தது. அதை மன்னிப்பாக எடுத்துக்கொள் என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். எடுத்துக்கொள்ளவில்லை. மன்னிப்பு என்றால் அது பயிலரங்கில் கேட்ட அதே மைக்கில் வந்திருக்க வேண்டும். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் தனி, இது தனி. இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

இப்போது நஸ்ரின் ஏன் கேட்டாள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மருத்துவமனையில் அப்போது புது கேத் லேப் வரவிருந்தது, நஸ்ரினும் அதில் வேலை செய்யப்போகிறவள். ஒரே நாளில் நிறைய ஓட்டைகளை அடைத்துக் காட்ட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஆசை. அதனால் வயதானவர்களுக்குப் பலூன் வைத்துக் காத்திருக்கும் வழக்கத்தைச் சுருக்கி, நோயாளி அசௌகரியமாக இருப்பதாகச் சொன்னால் மட்டும் காத்திருந்தால் போதும் என்று ஏற்பாடு. நோயாளி சொன்னால் மட்டும். எங்கள் ஊர் நோயாளி. இதைப் போட்டவர் கோவையில் ஒரு நாளாவது யாரையாவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

என் பிரிவுபசார விழாவில் நிர்வாக அதிகாரி மேடையில் புது லேபின் படங்களைப் போட்டுக் காட்டினார். நல்ல மனிதர், சிரித்த முகம். முடித்துவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார்.

"எங்க புது ஏற்பாடு எப்படி இருக்குதுங்க டாக்டரம்மா?"

எல்லாரும் கை தட்டுவதற்குத் தயாராக இருந்தார்கள். என் வாயில் அந்த இரண்டு வார்த்தையும் வந்து நின்றன, பழக்கதோஷம். விழுங்கினேன்.

"நல்லா இல்லீங்க" என்றேன்.

ஏன் என்றும் சொன்னேன். பழனாத்தாள் கதையை, இங்கே எழுதியிருப்பது போலவே, ஆனால் அவர் பெயரை மட்டும் சொல்லாமல் சொன்னேன். மைக்கை யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். கை தட்டியது நஸ்ரின் மட்டும், அதுவும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த ஏற்பாட்டை மாற்றினார்களா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. பரிசீலிக்கிறோம் என்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பப்போகிறேன்.

லேப் திறப்பு விழாவுக்கு என்னை அழைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று, அன்று செவ்வாய்க்கிழமை. பழனாத்தாள் போன் செய்து, "ஊட்ல சும்மாதான இருக்கறீங்க, மலைக்கு வாங்க" என்று கூப்பிட்டிருந்தார். முருகன் கோயில் எனக்குப் பழக்கமில்லை, மலை ஏறிப் பார்க்கலாம் என்று போனேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மா பூக்கூடையோடு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். தேங்காய் விலை, மருமகளின் சமையல், பேரன் படிப்பு என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் எனக்குக் கால் கனத்தது, காது அடைத்தது. தண்ணீர் சுமக்கும் மாடு ஒன்று என்னைத் தாண்டிக்கொண்டு போனது.

மேல் படியில் பழனாத்தாள் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, மூச்சு வாங்குதுங்களா? எப்படி இருக்குதுங்க?"

"நல்லா..." என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு மூச்சு இழுத்து, "இருக்குதுங்க" என்றேன்.

அவர் கூடையை வைத்துவிட்டு இரண்டு படி கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்தார்.

"பொய்யிங்க. உக்காருங்க மொதல்ல."

உட்கார்ந்தேன்.